செர்வெட்டஸ் வழக்கும் காஸ்டெல்லியோவின் மறுப்பும்: நம்பிக்கை, பகுத்தறிவு, மனச்சாட்சி பற்றிய 16ஆம் நூற்றாண்டு விவாதம்

1553ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று, ஜெனீவா நகரின் மதிலுக்கு வெளியே உள்ள சாம்பெல் மேட்டில், மிகுவேல் செர்வெட்டஸ் என்ற ஸ்பானிய மருத்துவர் உயிரோடு எரிக்கப்பட்டார். திருடியதாகவோ, கொலை செய்ததாகவோ, கலகம் விளைவித்ததாகவோ அவருக்குத் தண்டனை வழங்கப்படவில்லை. கடவுளைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தும், அதை அச்சிட்டுப் பரப்பியதுமே குற்றமாகக் கொள்ளப்பட்டன. ஐரோப்பாவில் இத்தகைய தண்டனை அதற்கு முன்பும் பலமுறை நடந்ததுண்டு. ஆனால் இம்முறை பாசல் நகரில் வாழ்ந்த செபாஸ்டியன் காஸ்டெல்லியோ (1515–1563) என்ற ஏழை அறிஞர் அதை எதிர்த்து எழுதினார். அவருடைய எதிர்ப்பு இரக்கத்தோடு நிற்கவில்லை. நம்புவது என்றால் என்ன, அறிவது என்றால் என்ன, ஒருவர் நம்புவதை இன்னொருவர் கட்டாயப்படுத்தி மாற்ற முடியுமா என்ற அடிப்படைக் கேள்விகளை அவர் எழுப்பினார். மனச்சாட்சி உரிமையின் வரலாற்றில் அவருடைய விடைகள் முக்கியமான இடம் பெறுகின்றன.

சொற்களும் பொருளும்

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் பல பொருள்களில் வழங்குகிறது. நண்பன் கைவிட மாட்டான் என்பது நம்பிக்கை. நாளை நிலைமை சீராகும் என்பதும் நம்பிக்கை. கடவுள் இருக்கிறார் என்பதும் நம்பிக்கையே. கிறித்தவத் தமிழில் கடவுளிடம் கொள்ளும் பற்றைத் தனித்துக் காட்ட 'விசுவாசம்' என்ற சொல் நிலைத்தது. இங்கு பேசப்படும் விவாதத்தைப் புரிந்துகொள்ள நான்கு சொற்களைப் பிரித்துப் பார்ப்பது உதவும்.

விசுவாசம் என்பது கடவுளிடம் ஒருவர் தம்மை ஒப்படைக்கும் நிலை. கொள்கை நம்பிக்கை என்பது ஒரு குறிப்பிட்ட கூற்றை மெய்யென ஏற்பது. 'கடவுள் மூவொருவர்' என்பதை ஏற்பது இதற்கு எடுத்துக்காட்டு. பகுத்தறிவு என்பது ஒரு கூற்றைச் சான்று கொண்டும் காரணம் கொண்டும் சோதிக்கும் திறன். மனச்சாட்சி என்பது, தாம் சரியென்று உணர்ந்ததற்கு மாறாகப் பேசவோ நடக்கவோ விடாத உள்ளத்தின் உறுதி.

ஒருவரிடம் ஆழ்ந்த விசுவாசம் இருந்தும் அவருடைய கொள்கை நம்பிக்கை பிறருடையதிலிருந்து மாறுபடலாம். செர்வெட்டஸின் நிலை அதுதான். அவரை எரித்தவர்களைப் போலவே அவரும் கடவுளை நம்பினார், வேதாகமத்தை நம்பினார், இயேசுவை வேண்டியபடியே இறந்தார்.

பின்னணி

1517இல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த சீர்திருத்த இயக்கம் மேற்கு ஐரோப்பியத் திருச்சபையை இரண்டாகப் பிளந்தது. திருத்தந்தையின் அதிகாரத்தை விடுத்து, வேதாகமமே இறுதிச் சான்று என்று சீர்திருத்தவாதிகள் கூறினர். வேதாகமத்தை ஒவ்வொருவரும் படிக்கலாம் என்றதும், படித்தவர்கள் வெவ்வேறு பொருள் கண்டனர். அப்போது எது சரியான பொருள் என்று தீர்ப்பது யார் என்ற சிக்கல் எழுந்தது.

ஜெனீவாவில் இச்சிக்கலுக்கு விடை தந்தவர் பிரெஞ்சு இறையியலாளர் ஜான் கால்வின் (1509–1564). வேதாகமம் தெளிவானது, அதிலிருந்து உறுதியான கோட்பாட்டைப் பெற முடியும், அக்கோட்பாட்டைக் காப்பது சபையின் கடமை, அதற்குத் துணை நிற்பது நகர ஆட்சியின் கடமை என்று அவர் கருதினார். அக்காலத்தில் கத்தோலிக்கர், சீர்திருத்தவாதிகள் ஆகிய இரு தரப்பிலும் பெரும்பாலோர் இதே கருத்தையே கொண்டிருந்தனர். தவறான போதனை ஆன்மாவைக் கொல்லும் நஞ்சு, உடலைக் கொல்பவனைத் தண்டிக்கும் அரசு ஆன்மாவைக் கொல்பவனை எப்படி விடலாம் என்பது அவர்கள் வாதம்.

மிகுவேல் செர்வெட்டஸ்

செர்வெட்டஸ் ஸ்பெயினின் அரகோன் பகுதியைச் சேர்ந்தவர். 1531இல், தமது இருபதாவது வயதை ஒட்டிய காலத்திலேயே, திரித்துவக் கோட்பாட்டில் உள்ள பிழைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். திருச்சபை வகுத்த வடிவில் திரித்துவம் வேதாகமத்தில் இல்லை என்பது அவர் வாதம். இதனால் இரு தரப்பினரின் பகையையும் அவர் தேடிக்கொண்டார். பின்னர் மிஷெல் தெ வில்நோவ் என்ற பெயரில் பிரான்சில் வாழ்ந்து, மருத்துவம் பயின்று, வியன் நகரில் மருத்துவராகப் பணியாற்றினார்.

1546 அளவில் அவர் கால்வினுக்குப் பல மடல்கள் எழுதினார். அவற்றின் தொனியும் உள்ளடக்கமும் கால்வினைச் சினமூட்டின. அவ்வாண்டு பிப்ரவரியில் நண்பர் பரேலுக்கு எழுதிய மடலில், செர்வெட்டஸ் ஜெனீவாவுக்கு வந்தால், தம் சொல்லுக்கு மதிப்பிருக்கும் வரை அவர் உயிரோடு திரும்ப விடப்போவதில்லை என்னும் கருத்தைக் கால்வின் தெரிவித்தார்.

1553 தொடக்கத்தில் செர்வெட்டஸ் 'கிறித்தவத்தின் மீட்டமைப்பு' என்ற பெருநூலை மறைவாக அச்சிட்டார். நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றிவருவதைப் பற்றிய விளக்கம் இதில் இடம்பெற்றுள்ளது. ஐரோப்பாவில் அச்சேறிய முதல் விளக்கம் அதுவே. கடவுளின் ஆவி மனிதனுக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஆராயும்போது, மூச்சும் இரத்தமும் கலக்கும் இடத்தை அவர் தேடினார். அந்தத் தேடலில் உடற்கூற்றியல் உண்மை கிடைத்தது. விசுவாசமும் ஆராய்ச்சியும் அவரிடம் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாக இருந்தன. அந்நூலின் படிகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை மூன்று. அவை பாரிஸ், வியன்னா, எடின்பரோ ஆகிய நகரங்களின் நூலகங்களில் உள்ளன.

வழக்கும் தண்டனையும்

ஜெனீவாவில் வாழ்ந்த கியோம் தெ திரி என்பவர் பிரான்சில் இருந்த தம் உறவினருக்கு எழுதிய மடல் மூலம் செர்வெட்டஸின் உண்மைப் பெயர் வெளிப்பட்டது. கால்வினுக்கு செர்வெட்டஸ் எழுதியிருந்த கடிதங்களும் சான்றாக அனுப்பிவைக்கப்பட்டன. வியன் நகரக் கத்தோலிக்க அதிகாரிகள் அவரைக் கைது செய்தனர். 1553 ஏப்ரல் 7 அன்று அவர் சிறையிலிருந்து தப்பினார். ஜூன் மாதத்தில் அங்கு அவருடைய உருவப்படத்தை எரித்துத் தண்டனையை நிறைவேற்றினர்.

ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, அவர் ஜெனீவாவில் பிரசங்கம் கேட்கச் சென்றபோது அடையாளம் காணப்பட்டுக் கைதானார். அந்நகருக்கு அவர் ஏன் வந்தார் என்பது இன்றும் ஆய்வாளர்கள் விவாதிக்கும் கேள்வி. கோட்பாடு பற்றிய குற்றச்சாட்டுகளை வகுப்பதில் கால்வின் முன்னின்றார். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் நகர மன்றத்திடம் இருந்தது. செர்வெட்டஸ் வழக்கறிஞர் கேட்டார். அது மறுக்கப்பட்டது. சிறையில் பூச்சித் தொல்லையாலும் கிழிந்த உடையாலும் துன்புறுவதாக மன்றத்துக்கு எழுதினார். அவரும் சாந்தமான எதிராளியாக இருக்கவில்லை. கால்வினையும் சிறையில் அடைத்து விசாரிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார்.

சூரிக், பெர்ன், பாசல், ஷாஃபவுசன் ஆகிய நகரங்களின் கருத்தை ஜெனீவா கேட்டது. நான்கும் செர்வெட்டஸின் போதனையைக் கண்டித்தன. இறுதித் தீர்ப்பில் இரண்டு குற்றங்கள் முதன்மையாக நின்றன. ஒன்று திரித்துவ மறுப்பு. மற்றொன்று, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதை மறுத்தது. எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டும்படி கால்வின் கேட்டார். மன்றம் அதை ஏற்கவில்லை.

ஒரு பெயரடையின் இடம்

செர்வெட்டஸுடன் கொலைக்களம் வரை சென்றவர் பரேல். வழியெல்லாம் கருத்தை மாற்றிக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்தினார். செர்வெட்டஸ் மாற்றிக்கொள்ளவில்லை. தீயின் நடுவே, நித்திய கடவுளின் மகனாகிய இயேசுவே, என்மேல் இரங்கும் என்று அவர் வேண்டியதாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

அவரைத் தண்டித்தவர்களின் கோட்பாட்டின்படி 'நித்திய' என்ற அடை கடவுளுக்கு மட்டும் உரியதன்று, மகனுக்கும் உரியது. 'நித்திய கடவுளின் மகன்' என்பதற்குப் பதிலாகக் 'கடவுளின் நித்திய மகன்' என்று சொல்லியிருந்தால் அது அவர் பணிந்ததாகக் கொள்ளப்பட்டிருக்கும். மகனுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று அவர் கருதினார். ஆகவே உடல் எரியும் வேளையிலும் அந்தச் சொல்லை இடம் மாற்றவில்லை.

கொள்கை நம்பிக்கைக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள உறவை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. செர்வெட்டஸின் கருத்து சரியா தவறா என்பது ஒரு கேள்வி. தாம் மெய்யென்று கருதாததை உயிர் பிழைப்பதற்காகச் சொல்ல மறுத்தது வேறொன்று. முதலாவதைத் தண்டிப்பதாக எண்ணிய ஜெனீவா, உண்மையில் இரண்டாவதைத் தண்டித்தது என்பதே காஸ்டெல்லியோவின் வாதங்களில் ஒன்று. செர்வெட்டஸ் பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார், மனத்தில் உள்ளதைச் சொன்னதால் இறந்தார் என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

செபாஸ்டியன் காஸ்டெல்லியோ

காஸ்டெல்லியோ சவாய் நாட்டின் சேன் மார்ட்டேன் தூ ஃப்ரேன் என்ற சிற்றூரில் 1515இல் பிறந்தார். லியோன் நகரில் லத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தார். 1540இல் ஸ்ட்ராஸ்பர்க் சென்று சில காலம் கால்வினின் வீட்டிலேயே தங்கினார். கால்வின் ஜெனீவாவுக்குத் திரும்பியபோது காஸ்டெல்லியோவும் அங்கு பள்ளித் தலைவராகப் பொறுப்பேற்றார். வேதாகமக் கதைகளைக் கொண்டு சிறுவர்களுக்கு லத்தீன் கற்பிக்க அவர் எழுதிய உரையாடல் நூல் பல பதிப்புகள் கண்டது.

சபைப் போதகராக அவர் விரும்பியபோது இரண்டு கருத்து வேறுபாடுகள் தடையாயின. வேதாகமத்தின் உன்னதப்பாட்டு மனிதக் காதலைப் பற்றிய பாடல் என்று அவர் கருதினார். இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்ற அறிக்கைக்குக் கால்வின் தந்த விளக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. நடத்தையில் குறையில்லை என்று சான்றளிக்கப்பட்டபோதும் போதகர் பணி மறுக்கப்பட்டது. 1544இல் சபைப் போதகர்களை வெளிப்படையாகக் குறைகூறிய பின் அவர் ஜெனீவாவை விட்டு நீங்கினார்.

பாசலில் அவர் வறுமையில் வாழ்ந்தார். ஓப்போரினஸின் அச்சகத்தில் பிழை திருத்துநராக வேலை செய்தார். ரைன் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரும் மரக்கட்டைகளை நீண்ட கொக்கியால் இழுத்து விறகாக்கினார். பிற்காலத்தில் கால்வின் இதைத் திருட்டு என்று பழித்தபோது, ஊரார் பலரும் வெளிப்படையாகச் செய்யும் வேலை அது என்று அவர் விளக்கம் தர வேண்டியிருந்தது.

இந்நிலையிலும் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்தார். 1551இல் வெளிவந்த லத்தீன் வேதாகமத்தை இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டுக்குப் படைத்து, சமயக் கருத்துக்காக மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று முன்னுரையில் வேண்டினார். செர்வெட்டஸ் வழக்குக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இந்நிலைப்பாட்டை எடுத்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. 1553இல் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழி ஆசிரியரானார். 1555இல் அவருடைய பிரெஞ்சு வேதாகமம் வெளியானது. கல்லாதவர்க்கும் விளங்க வேண்டும் என்பதற்காக அதில் பேச்சுவழக்குச் சொற்களை அவர் தாராளமாகக் கையாண்டார்.

வேதப்புரட்டர் யார்?

1554 பிப்ரவரியில் கால்வின், செர்வெட்டஸுக்கு வழங்கிய தண்டனையை நியாயப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த மாதமே பாசலிலிருந்து வேறொரு நூல் வந்தது. 'வேதப்புரட்டரைத் துன்புறுத்தலாமா' என்பது அதன் தலைப்பின் பொருள். அட்டையில் மக்டபர்க் என்று பொய்யான அச்சிடம் குறிக்கப்பட்டிருந்தது. முன்னுரை எழுதியவர் பெயர் மார்ட்டினஸ் பெலியஸ். அது காஸ்டெல்லியோவின் புனைபெயர்.

துன்புறுத்தலுக்கு எதிராகப் பழைய, புதிய ஆசிரியர்கள் எழுதியவற்றின் தொகுப்பு அந்நூல். அகஸ்டின், ஜெரோம், கிறிசோஸ்தம், எராஸ்மஸ், லூத்தர் ஆகியோரின் பகுதிகள் அதில் உள்ளன. கால்வின் தமது தொடக்க காலத்தில் எழுதிய சில வரிகளும் சேர்க்கப்பட்டன. அதிகாரம் கைக்கு வருவதற்கு முன் பெரும்பாலோர் பொறுமையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பதைத் தொகுப்பே உணர்த்தியது.

முன்னுரையில் காஸ்டெல்லியோ ஒரு கதை சொல்கிறார். ஓர் அரசர் தம் குடிகளிடம், தாம் ஒருநாள் வருவதாகவும், அதற்குள் அனைவரும் வெள்ளாடை அணிந்து ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிச் செல்கிறார். குடிகளோ ஆடையை மறந்துவிட்டு, அரசர் இப்போது எங்கே இருக்கிறார், குதிரையில் வருவாரா தேரில் வருவாரா, தனியாக வருவாரா படையோடு வருவாரா என்று சச்சரவிட்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கின்றனர். வெள்ளாடை தூய வாழ்க்கையைக் குறிக்கிறது. மற்றவை திரித்துவம், முன்குறிப்பு, தேவதூதர், மறுமையில் ஆன்மாவின் நிலை போன்ற வாதங்களைக் குறிக்கின்றன.

அடுத்து 'வேதப்புரட்டன்' என்ற சொல்லையே அவர் ஆராய்கிறார். தமிழ் வேதாகமத்தில் இச்சொல் வரும் இடம் தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபம். காஸ்டெல்லியோவும் தம் வாதத்துக்கு அதே இடத்தையே எடுத்துக்கொண்டார். ஓரிரு முறை புத்தி சொல்லிப் பார், கேட்காவிட்டால் விலகிவிடு என்பதே அங்குள்ள அறிவுரை. கொல் என்ற கட்டளை அங்கு இல்லை. நடைமுறையில் இச்சொல் எப்படி வழங்குகிறது என்று பார்த்த அவர், தம்மோடு கருத்து மாறுபடுவோரையே ஒவ்வொரு தரப்பும் வேதப்புரட்டர் என்கிறது என்ற முடிவுக்கு வருகிறார். ஒரு நகரில் மெய்யான விசுவாசி எனப்படுபவர் அடுத்த நகரில் புரட்டராகிறார். எனவே பயணம் செய்பவர் ஊருக்கு ஊர் நாணயம் மாற்றுவது போல விசுவாசத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் எள்ளலோடு சுட்டுகிறார்.

எதிர்த்தரப்பின் வாதம்

பெலியஸ் யார் என்பதைக் கால்வினும் அவருடைய உடனுழைப்பாளர் தியோடர் பேசாவும் விரைவில் ஊகித்தனர். 1554 செப்டம்பரில் பேசா மறுப்பு நூல் வெளியிட்டார். அவ்வாதம் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. திரித்துவம் போன்ற அடிப்படைகளே தெளிவற்றவை என்றால் வேதாகமத்தில் எதுதான் தெளிவானது? எதுவும் உறுதியில்லை என்றால், பிரான்சில் தம் நம்பிக்கைக்காகச் சிறையிலும் நெருப்பிலும் மடியும் சீர்திருத்தச் சபையினர் எதற்காக மடிகிறார்கள்? நல்ல நடத்தை மட்டும் போதும் என்றால் கிறித்தவத்துக்கும் பிற சமயங்களுக்கும் என்ன வேறுபாடு?

துன்புறுத்தப்பட்ட சமூகம் ஒன்றின் அச்சம் இக்கேள்விகளில் உள்ளது. ஐயத்துக்கு இடம் கொடுத்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று கால்வினும் பேசாவும் மெய்யாகவே நம்பினர். தன்னலம் மட்டுமே அவர்களை இயக்கியது என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1554இல் காஸ்டெல்லியோ கால்வினின் நூலுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினார். பாசலில் அதை அச்சிட முடியவில்லை. ஒரு கோட்பாட்டைக் காப்பதற்கும் ஒரு மனிதனைக் கொல்வதற்கும் தொடர்பே இல்லை என்பது அதன் மையக் கருத்து. ஜெனீவா மக்கள் செர்வெட்டஸைக் கொன்றதால் எந்தக் கோட்பாடும் மெய்ப்பிக்கப்படவில்லை, ஒரு மனிதன் இறந்ததே நடந்தது என்றார். செர்வெட்டஸ் வாளோடு வரவில்லை, எழுத்தோடும் காரணங்களோடும் வந்தார், ஆகவே அவருக்கு எழுத்தாலும் காரணங்களாலும் விடை தந்திருக்க வேண்டும் என்பது அவர் கூறிய நெறி. செர்வெட்டஸின் கோட்பாடு சரியென்று அவர் வாதிடவில்லை. அதைத் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அவருடைய வாதத்தின் வலிமை அதில்தான் இருந்தது. செர்வெட்டஸ் தவறாகவே எண்ணியிருந்தாலும் அவரைக் கொன்றது தவறே என்பதை அது நிறுவியது.

ஐயுறும் கலை

பேசாவின் கேள்விக்கு முழுமையான விடையைக் காஸ்டெல்லியோ தம் கடைசி ஆண்டான 1563இல் எழுதத் தொடங்கினார். ஐயுறுவது, நம்புவது, அறியாதிருப்பது, அறிவது ஆகிய நான்கின் கலை பற்றியது அந்நூல். எதை எங்கே செய்ய வேண்டும் என்று தெரியாததால் மக்கள் தவறுகிறார்கள் என்று அவர் தொடங்குகிறார். ஐயுற வேண்டிய இடத்தில் நம்புகிறார்கள், நம்ப வேண்டிய இடத்தில் ஐயுறுகிறார்கள், அறியாததை அறிந்ததாக எண்ணுகிறார்கள்.

இந்நூலின் முதன்மைக் கருத்துகள் மூன்று.

முதலாவது, நம்புதலும் அறிதலும் வேறு. கண்டும் நிறுவியும் தெளிந்ததை ஒருவர் அறிகிறார். பிறர் சொல்லைக் கொண்டு ஏற்பதை நம்புகிறார். அறிவு வந்த இடத்தில் நம்புதலுக்கு வேலையில்லை. பொய்யானதை நம்ப முடியும், ஆனால் பொய்யானதை அறிய முடியாது. நம்புதலில் மனத்தின் விருப்பத்துக்குப் பங்கு உண்டு. அதனால்தான் விசுவாசம் நற்பண்பாகக் கருதப்படுகிறது. இதிலிருந்து பெறப்படுவது தெளிவு. விருப்பத்தால் வருவதைக் கட்டாயத்தால் வரவழைக்க முடியாது. கட்டாயத்தால் கிடைப்பது உதட்டளவு இசைவே.

இரண்டாவது, புலன்களும் பகுத்தறிவும் கடவுள் தந்த அளவுகோல்கள். பார்க்கக் கண்ணைக் கொடுத்தவர், தீர்மானிக்க அறிவைக் கொடுத்தார். நூல்களும் சடங்குகளும் தோன்றுவதற்கு முன்பே பகுத்தறிவு இருந்தது, அவை மறைந்த பின்னும் அது இருக்கும் என்று காஸ்டெல்லியோ கருதினார். அதைக் கடவுளின் மகள் என்றும் உருவகப்படுத்தினார். புலனுக்கு எட்டாதவை இருக்கலாம், அவற்றை நம்பலாம். ஆனால் நலமான புலனுக்கும் தெளிந்த அறிவுக்கும் நேர் எதிரானதை நம்பும்படி கடவுள் கேட்பதில்லை என்பது அவர் நிலைப்பாடு. இதே அளவுகோலை வேதாகமத்துக்கும் பயன்படுத்தினார். அதில் வெளிப்பாடாக வந்தவை, கண்டவர் சான்றாகச் சொன்னவை, எழுதியவரின் போதனையாக அமைந்தவை எனப் பிரித்து, அவற்றுக்கு ஒரே எடை தரக் கூடாது என்றார்.

மூன்றாவது, ஐயம் விசுவாசத்துக்குப் பகையன்று. இறைவனை நேசி, பிறரை நேசி என்பன போன்ற கட்டளைகள் எவருக்கும் விளங்கும்படி தெளிவாக உள்ளன. நூற்றாண்டுகளாகக் கற்றறிந்தோர் முடிவு காணாமல் வாதிடும் பொருள்கள் தெளிவானவையாக இருக்க முடியாது. தெளிவாக இருந்திருந்தால் வாதமே எழுந்திராது. பேசாவின் கேள்விக்கு இதுவே விடை. தெளிவானவற்றில் உறுதி, தெளிவற்றவற்றில் ஐயம் என்ற இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம். தெளிவற்ற ஒன்றுக்காக ஒருவரைக் கொல்பவர், தம்மிடம் இல்லாத அறிவைத் தம்மிடம் இருப்பதாகக் கொள்கிறார். கொல்லும் முன் சிறிது ஐயுற்றிருந்தால் பின்னர் வருந்த நேர்ந்திராத கொலைகள் வரலாற்றில் மிகப் பல என்று அவர் எண்ணினார்.

பிரான்சுக்கு ஓர் அறிவுரை

1562 மார்ச் 1 அன்று வாசி நகரில் வழிபாட்டில் இருந்த சீர்திருத்தச் சபையினர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து பிரான்சில் சமயப் போர்கள் தொடங்கின. அவ்வாண்டு அக்டோபரில் காஸ்டெல்லியோ 'துயருற்ற பிரான்சுக்கு அறிவுரை' என்ற சிறு நூலை எழுதினார்.

நாட்டை ஒரு நோயாளியாகக் கொண்டு, நோயின் காரணம் மனச்சாட்சிகளைக் கட்டாயப்படுத்துவதே என்று அவர் கூறினார். கத்தோலிக்கரை நோக்கி, உங்களை இவ்வாறு எரித்தால் ஏற்பீர்களா என்று கேட்டார். சீர்திருத்தச் சபையினரை நோக்கி, நேற்றுவரை பொறுமையாகத் துன்பம் ஏற்ற நீங்கள் இன்று வாள் எடுத்துப் பிறரைக் கட்டாயப்படுத்துவது ஏன் என்று கேட்டார். தனக்குச் செய்யப்படுவதை விரும்பாத ஒன்றைப் பிறருக்குச் செய்யாதே என்ற பொது நெறியே இரு தரப்புக்கும் அவர் காட்டிய அளவுகோல். இரு சமயங்களையும் நாட்டில் அனுமதிப்பதே மருந்து என்றார். இரு தரப்பும் கேட்கவில்லை. லியோனில் கூடிய சீர்திருத்தச் சபை மாமன்றம் நூலைக் கண்டித்தது. இரு சமயங்களுக்கும் சட்ட இடம் தந்த நான்ட் ஆணை வருவதற்கு 1598 வரை, அதாவது இன்னும் 36 ஆண்டுகள், பிரான்சு போர்களில் உழல வேண்டியிருந்தது.

இறுதி நாட்கள்

1563இல் காஸ்டெல்லியோ மீதே பாசலில் கோட்பாட்டுக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை முடியும் முன், அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று, 48ஆம் வயதில் அவர் இறந்தார். இத்தகைய அறிஞர் வறுமையில் இறக்க நேர்ந்தது அக்காலத்துக்கு அவமானம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் தம் கட்டுரைகளில் வருந்தியுள்ளார். ஐயுறும் கலை பற்றிய நூல் முற்றுப்பெறாமல் நின்றது.

மதிப்பீடு

காஸ்டெல்லியோவை இன்றைய பொருளில் சமயச் சார்பற்றவர் என்று கூற முடியாது. வேதாகமத்தின் உயர்வை அவர் ஏற்றார். கடவுளே இல்லை என்று வெளிப்படையாக மறுப்பவர்களுக்கு அவருடைய சகிப்புத்தன்மை முழுமையாக நீளவில்லை என்றும் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள எல்லையைச் சட்ட வடிவில் வகுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அவருடைய தனித்தன்மை வேறிடத்தில் உள்ளது. சகிப்பை வேண்டிய பலர் அதை இரக்கத்தின் பெயராலோ அமைதியின் பெயராலோ வேண்டினர். அவர் அதை அறிவின் எல்லையிலிருந்து பெற்றார். எனக்குத் தெரிந்தது எவ்வளவு, நான் நம்புவது எவ்வளவு என்று நேர்மையாகப் பிரித்துப் பார்ப்பவர், தாம் நம்புவதற்காகத் தம் உயிரைக் கொடுக்கலாம், பிறர் உயிரை எடுக்க முடியாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். இதன்படி செர்வெட்டஸின் உறுதியும் காஸ்டெல்லியோவின் ஐயமும் முரண்பட்டவை அல்ல. முன்னது தன்னளவில் மனச்சாட்சியைக் காப்பது. பின்னது பிறர் மனச்சாட்சிக்கு இடம் விடுவது.

பிற்காலத் தாக்கம்

கால்வினுக்கு எதிரான மறுப்பு நூல் 1612இல் நெதர்லாந்தில் அச்சேறியது. அங்கு கட்டாயத்தை எதிர்த்த சீர்திருத்தச் சபைப் பிரிவினர் அதை ஆர்வத்தோடு படித்தனர். 1892இல் பிரெஞ்சுக் கல்வியாளர் ஃபெர்டினான் புய்சோன் இரண்டு தொகுதிகளில் காஸ்டெல்லியோவின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். புய்சோன் 1927இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வேதப்புரட்டர் பற்றிய நூலை ரோலண்ட் பெய்ன்டன் 1935இல் ஆங்கிலத்தில் தந்தார். 1936இல், நாட்சி ஆட்சிக் காலத்தில், ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் காஸ்டெல்லியோவைக் கால்வினுக்கு எதிரே நிறுத்தி ஒரு நூல் எழுதினார். அதில் கால்வினின் சித்திரம் மிகைப்படுத்தப்பட்டது என்ற விமர்சனம் உண்டு. எனினும் காஸ்டெல்லியோவின் பெயர் பொது வாசகரை எட்டியது அந்நூலாலேயே.

செர்வெட்டஸ் எரிக்கப்பட்ட 350ஆம் ஆண்டான 1903இல், கால்வினின் வழிவந்தவர்களே சாம்பெலில் ஒரு நினைவுக்கல் நாட்டினர். கால்வினுக்கு நன்றியுடையவர்களாக இருந்தபோதிலும் அவர் காலத்துப் பிழையைக் கண்டிப்பதாகவும், மனச்சாட்சி உரிமையில் உறுதியாக நிற்பதாகவும் அதில் பொறித்தனர். செர்வெட்டஸுக்குச் சிலை வைக்க ஜெனீவா அப்போது இடம் தரவில்லை. அச்சிலை 1908இல் எல்லைக்கு அப்பால் பிரான்சின் அனெமாஸ் நகரில் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு அகற்றப்பட்டு, 1960இல் மீண்டும் நிறுவப்பட்டது. அதன் படி ஒன்று 2011இல் ஜெனீவாவில் இடம்பெற்றது.

ஐயுறும் கலை பற்றிய காஸ்டெல்லியோவின் கைப்பிரதி நெதர்லாந்தின் ராட்டர்டாம் நூலகத்தில் காக்கப்பட்டு வந்தது. அதன் முழு லத்தீன் மூலம் 1981இல் அச்சாகியது. எழுதப்பட்டதற்கும் முழுமையாக வெளிவந்ததற்கும் இடையே 400 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.